முதல் வேண்டாம்

அவர் யாருடைய வீட்டிலும் தேநீர் குடிக்கமாட்டார். அதாவது, முதல்தரம் கேட்டால் குடிக்கமாட்டார். "இப்பதான் குடிச்சிட்டு வாறன், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பார். இரண்டாந்தரம் கேட்டால், "சும்மா இருங்கோ, வேண்டாம்" என்று கையை ஆட்டுவார். ஆனால் அந்த ஆட்டலில் வேகம் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு கேட்காமலே கோப்பையை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டால், "என்ன மனுசரப்பா நீங்கள்" என்று குறைபட்டபடி கடைசிச் சொட்டுவரை குடிப்பார். வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடுதான் வந்திருப்பார் என்பது ஜேர்மனியின் எசன் நகரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இது பெரிய விசயமில்லை. ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான். ஜேர்மனிக்கு வந்த சில வருடங்களில் மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். கேட்டவுடன் 'ஓம்' சொல்லப் பசி பழக்கியது. அவர் மட்டும் முப்பத்தைந்து வருடமாக மாறவில்லை. "கேட்ட உடன ஓம் எண்டா, இதுக்காகத்தான் வந்தவன் எண்டு நினைப்பினம். முதல்தரம் ஆரும் வாயால கேக்கலாம் மாஸ்டர். ரெண்டாந்தரம் மனமில்லாமல் கேக்க ஏலாது" என்பார்.

என்னை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஊரில் நாலு வருடம் ஆங்கிலம் படிப்பித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் என்னிலும் மூன்று வயது மூத்தவர்; நான் அண்ணை என்பேன். இங்கே நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அரச அலுவலகங்கள், நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய், தமிழில் சொன்னதை ஜேர்மனிலும் ஜேர்மனில் சொன்னதைத் தமிழிலும் சொல்வது தொழில். பிழைவிடாத மொழிபெயர்ப்பாளன் என்று பெயரெடுத்தேன். அந்தப் பெயரைக் கொஞ்சம் குறைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவரை முதலில் கண்டது ஓர் அலுவலக அறையில். அகதியாக வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. மெலிந்த, உயரமான மனிதர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை. மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி நல்லவர். பத்திரத்தில் ஒவ்வொரு வரியாகக் கேட்டு வந்தவர், "இவருக்குக் குளிர்கால ஜாக்கெட் ஒன்று தேவையா?" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"ஐயோ, வேண்டாம். அவைக்கு ஏன் கரைச்சல்" என்றார் அவர்.

"நைன்" என்றேன் நான் அதிகாரியிடம்.

அதிகாரி ஒரு கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். வெளியே படியில் இறங்கும்போது இவர் என் கையைப் பிடித்தார்.

"என்ன மாஸ்டர், அந்த மனுசன் திருப்பிக் கேக்கேல்லை?"

"ஜேர்மன்காரன் ஒருக்காத்தான் கேப்பான் அண்ணை."

"ஒருக்காவோ? அப்ப உவங்கள் வீட்டுக்கு வாற விருந்தாளியை என்னெண்டு சாப்பிட வைக்கிறவங்கள்?"

அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார். என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது வேண்டாம். நான் சொன்னதும் வேண்டாம். அவருக்கு ஜாக்கெட் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது வேறு கதை. தெரிந்ததைச் சொல்வதற்காக நான் சத்தியப்பிரமாணம் செய்யவில்லை.

பிறகு அவர் பாண் சுடும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். உடைந்த பாண்களை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மேற்பார்வையாளர் முதல் நாள் ஒருதரம் கேட்டிருக்கிறார், இவர் வேண்டாம் என்றிருக்கிறார். மூன்று மாதம் பாணுக்கு நடுவில் நின்று வேலைசெய்துவிட்டு, வரும் வழியில் கடையில் பாண் வாங்கிக்கொண்டு போனார். கூட வேலைசெய்த ஒரு துருக்கிக்காரர்தான், கேட்டுக்கொண்டிராமல் இரண்டு பாணை இவருடைய பைக்குள் திணித்து அந்த அவலத்தை முடித்துவைத்தார். "துருக்கிக்காரருக்குப் பண்பு இருக்கு மாஸ்டர்" என்று அதை ஒரு வருடம் சொல்லித் திரிந்தார்.

மனைவி இருந்தவரை வீட்டில் அவருக்குக் குறை இருக்கவில்லை. அவர் எங்கே 'வேண்டாம்' என்று தொடங்கினாலும், பின்னால் நின்று அந்த அம்மா சொல்லிவிடுவா: "கொண்டு வாங்கோ, குடிப்பார்." என்னைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர். சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாததை மொழிபெயர்ப்பா. அவ காலமான பிறகு அவர் ஆறே மாதத்தில் நன்றாக மெலிந்துவிட்டார். அது துக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி துக்கம்தான். மீதி, வீடுகளில் ஒருதரம் மட்டும் கேட்கத் தொடங்கியிருந்த எங்கள் சனம்.

அவர்களுக்கு ஒரே மகள். தாய் செய்த மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்தவளே தவிர, தகப்பனின் மொழியைத் தனியாகப் படிக்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததோ வேறு பாடம்: ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மேலே கேட்பது மரியாதைக்கேடு. நல்ல பாடம்தான். அவள் பொறியியல் படித்து, யப்பானில் ஒசாகா நகரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருவரை விரும்பினாள். கலியாணத்துக்குத் தகப்பனைக் கூப்பிட்டு அவள் தொலைபேசி எடுத்தபோது நான் அவர் வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் எப்போதும் கதைப்பார்.

"அப்பா, நீங்கள் வாறீங்களோ? டிக்கட் நான் போடுறன்."

"எனக்கு ஏன் பிள்ளை. அந்தக் காசை உங்கட வீட்டுக்கு வையுங்கோ. நீங்கள் சந்தோசமா இருந்தாச் சரி."

"சரி அப்பா. நான் வற்புறுத்த மாட்டன். அது உங்கட என்ட்ஷைடுங்" என்றாள். முடிவு என்ற சொல்லை அவள் ஜேர்மனில்தான் சொன்னாள்.

அவள் வைத்த பிறகும் அவர் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். திரும்ப அடிப்பாள் என்ற நம்பிக்கை. அது அடிக்கவில்லை. மகள் யப்பான்காரனைக் கட்டியதால் மனிதர் ரோசத்தில் போகவில்லை என்று எங்கள் சனம் முடிவு கட்டியது. "கொள்கை எண்டா அவரின்ர கொள்கைதான்" என்று கோயிலில் வைத்து மெச்சினார்கள். மெச்சியவர்களுக்கும் அவர் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்திருந்தாலும் ஒருதரம்தான் மறுத்திருப்பார். அதை எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

இப்படியே எட்டு வருடம் போனது. மாதம் ஒருமுறை தகப்பனும் மகளும் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். ஒரு பேத்தியும் பிறந்தாள். படம் வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு யப்பானுக்குப் போக ஆசைப்பட்டேன். எனக்குக் குடும்பம் இல்லை. நாக்கு மட்டும் உண்டு. ஒசாகாக்காரர் சாப்பிட்டே சொத்தை அழிப்பவர்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். வெளிச்சப் பலகைகளும் இரவுக் கடைகளும் நிறைந்த அந்த ஊரில் ஒரு வாரம் தின்று திரிவது என்று தீர்மானித்தேன். நான் பார்த்த பயணத் திட்டம் இரண்டு பேருக்கானது. ஆகவே அவரிடம் போனேன்.

"யப்பானுக்கு வாறியளோ அண்ணை?"

"எனக்கு ஏன் மாஸ்டர் இந்த வயசில."

அடுத்த நாளும் போனேன். "வேண்டாம் மாஸ்டர், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். மூன்றாம் நாள் அவருடைய கடவுச்சீட்டை நானே அலுமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். "என்ன மனுசனப்பா நீங்கள்" என்றார். அன்று பின்னேரமே மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டார், மகளுக்குத் தூள் இடித்துக் கொண்டுபோக. அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை என்பதைக் காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒசாகாவில் அவர் வேறு ஆளாக இருந்தார். அங்கே போய் இரண்டாம் நாள் ரெயிலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருந்தா. புலித்தோல் போல அச்சடித்த சட்டை, சுருட்டிய தலைமயிர். கைப்பையைத் திறந்து ஒரு இனிப்பை எடுத்து இவரிடம் நீட்டினா. இவர் நெஞ்சில் கைவைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அவ ஏதோ சொல்லிக்கொண்டு மறுபடியும் நீட்டினா. இவர் மறுபடியும் தலையாட்டினார். அவ அலுத்துக்கொண்டபடி எட்டி, இனிப்பை இவருடைய சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பையைத் தட்டியும் விட்டா.

"பாத்தியளோ மாஸ்டர்! பாத்தியளோ!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உவையள் எங்கட சனம்."

அதற்குப் பிறகு அவருக்கு நகரமே ஒரு விருந்துவீடாகிவிட்டது. வாய்க்கால் கரைத் தெருவில் கடைக்காரர்கள் தட்டை நீட்டினார்கள், அவர் மறுத்தார், அவர்கள் மறுபடியும் நீட்டினார்கள். கடை முகப்பில் கால்களை அசைக்கும் இராட்சத நண்டுப் பொம்மை, கூரையில் படுத்திருக்கும் கணவாய் மீன் எல்லாவற்றையும் நான் படமெடுத்துக்கொண்டு திரிய, அவர் மனிதர்கள் எத்தனை தரம் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மகள் ஹோட்டலுக்கு வந்தாள், ஐந்து வயதுப் பேத்தியோடு. பேத்தி முன்னே வந்து நின்று, சொல்லிக்கொடுத்தபடி, "அம்மப்பா" என்று யப்பான் இராகத்தில் சொன்னாள். அவர் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டார், ஏதோ பெரிய அதிகாரி வந்ததுபோல. அரை மணித்தியாலம் இருந்தார்கள். காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். போகும்போது மகள் கேட்டாள்:

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்ட வாறீங்களோ? இவர் சமைக்கிறன் எண்டவர். மாமா, நீங்களும்தான்."

"ஏன் பிள்ளை உங்களுக்குக் கரைச்சல். ஒரு மணித்தியால ரெயில். நாங்கள் இஞ்ச வடிவாச் சாப்பிடுறம்தானே. என்ன மாஸ்டர்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முன்பெல்லாம் அந்தப் பார்வை மனைவி நின்ற பக்கம் போகும். 'கொண்டு வாங்கோ, குடிப்பார்' என்று சொல்ல அங்கே இப்போது நான்தான் இருந்தேன்.

"ஓம், இஞ்ச நல்ல சாப்பாடு" என்றேன் நான்.

"சரி அப்பா. உங்கட விருப்பம்" என்றாள் மகள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு நண்டுக் கடையில் இடம் பிடித்து வைத்திருந்தேன். எசனிலிருந்தே, இரண்டு மாதத்துக்கு முன்னால். ஒன்பது விதமாக நண்டு வரும். இரண்டு பேருக்குக் குறைய எடுக்கமாட்டார்கள். திங்கள் காலையில் எங்களுக்கு விமானம். ஞாயிறு மகள் வீட்டுக்குப் போனால் இரவுக்கு முதல் விடமாட்டாள், நண்டு இல்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடக் கனமான காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல வருடம் முயன்றிருக்கிறேன்; கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சிறு கடையில், குச்சியில் குத்திப் பொரித்த இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோஸ் பெட்டி. ஒருமுறைதான் தோய்க்கலாம் என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். "ஒருக்காத்தானோ? இந்தக் கடை முதலாளி ஜேர்மன்காரனாக்கும்" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் போன நேரம் என் தொலைபேசி அடித்தது. மகள்.

"மாமா, அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?"

"இல்லைப் பிள்ளை. கை கழுவப் போட்டார்."

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அவர் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் எண்டு சொன்னவரெல்லோ. அவருக்கு உண்மையா விருப்பமில்லையோ? இல்லாட்டி..." அவள் நிறுத்தினாள். "எனக்கு விளங்கேல்லை மாமா. நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு அவரைத் தெரியும்."

என் வாயில் இறைச்சி இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "அப்பாவுக்கு வயசு போட்டுது பிள்ளை. களைச்சுப் போறார். அவர் வேண்டாம் எண்டா வேண்டாம்தான். கரைச்சல் குடுக்காதையுங்கோ."

"சரி மாமா. தாங்க்ஸ்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஆர் மாஸ்டர்?"

"ஹோட்டல்காரர்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் இறங்கி வந்தபோது அவர் வரவேற்பறையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. மடியில், மகள் வீட்டுக்கென்று வியாழக்கிழமை கொடுக்காமல் வைத்திருந்த தூள் பை, பேத்திக்கு எசனிலிருந்து கொண்டுவந்த சொக்லேட். கதிரையைக் கண்ணாடிக் கதவுக்கு நேரே திருப்பிப் போட்டிருந்தார்.

"என்ன அண்ணை, வெளிக்கிட்டு நிக்கிறியள்?"

"சும்மா மாஸ்டர். ஆராவது வந்தாலும்."

நான் ஒசாகாக் கோட்டையைப் பார்க்கப் போனேன். மத்தியானம் வந்தேன், அங்கேயே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், "இப்பதான் சாப்பிட்டனான்" என்றார். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஐந்து மணிக்கு அவர் எழும்பிப் போய் அந்தப் பையைக் கவுண்டரில் வைத்தார். "மாஸ்டர், பிள்ளையின்ர விலாசத்தை இவையளுக்கு எழுதிக் குடுங்கோ. தபாலில அனுப்பட்டும்" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

நண்டுக் கடையில் கழுத்தில் கடதாசி கட்டிவிட்டார்கள். அவர் இரண்டு கால் சாப்பிட்டார். "நல்ல நண்டு மாஸ்டர். நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் சாப்பிட்டவற்றில் அதுதான் மிகச் சிறந்த நண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வருடம் அவருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், தொடாத சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் தாதியிடம் விளக்கினேன்: இவர் வேண்டாம் என்றால் அது மறுப்பில்லை, மூன்று தரம் கேட்க வேண்டும். அவள் கவனமாகக் கேட்டு, 'தயவுசெய்து மூன்று தரம் கேட்கவும்' என்று ஜேர்மனில் எழுதி, அவருடைய கோப்பில் வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஒரு புதுத் தாதி வந்தாள். கோப்பைப் பார்த்தாள். கட்டிலருகே நின்று, மூச்சு விடாமல், "தேநீர் வேண்டுமா, தேநீர் வேண்டுமா, தேநீர் வேண்டுமா" என்று கேட்டுவிட்டுப் பேனையோடு காத்து நின்றாள். அவருக்குத் தையல் போட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. "ஓம்" என்றார், ஜேர்மன்காரியிடம் தமிழில். இவ்வளவு வருடத்தில் ஒரு ஜேர்மன் கோப்பில் அவரைப் பற்றிச் சரியாக எழுதப்பட்ட ஒரே வரி அதுதான் என்று நினைக்கிறேன். எழுத வைத்தவன் நான். ஒரு வருடம் பிந்தி.

தாதி போன பிறகு, சிரிப்பின் மிச்சத்தோடு அவர் சொன்னார்: "யப்பானில அண்டைக்கு அவள் வருவாள் எண்டுதான் இருந்தனான் மாஸ்டர். என்ன அலுவலோ. திருப்பிக் கேக்க மறந்திருப்பாள். பிள்ளைதானே."

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். அவர் உடனே தொலைபேசியை எடுத்திருப்பார், ஸ்பீக்கரில் போட்டிருப்பார். நான் முன்னால் இருந்த தேநீரை எடுத்துக் குடித்தேன். அது அவருடைய தேநீர்.

அந்த வருடம் முடியுமுன், ட்ராம் நிறுத்தத்தில் இருந்தபடியே அவர் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டதாம். மகளும் கணவரும் பேத்தியும் வந்தார்கள். தகனம் முடிந்து மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். மனிதர் கடைசிவரை கொள்கையைக் கைவிடவில்லை என்று பின்னால் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடம் போனேன்.

"பிள்ளை, ஒசாகாவில அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உங்கட வீட்ட வரத்தான் விரும்பினவர். கலியாணத்துக்கும் அப்பிடித்தான். அவரின்ர முதல் 'வேண்டாம்' வேண்டாமில்லை. எனக்கு அது தெரியும். நான்தான் உங்களுக்கு மாறிச் சொன்னனான். விடிஞ்சதில இருந்து வெளிக்கிட்டு, கதவைப் பாத்துக்கொண்டு இருந்தவர்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஏன் மாமா?"

"பின்னேரம் ஒரு நண்டுக் கடையில ரெண்டு பேருக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தனான்."

அவள் பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினாள்.

"அண்டைக்கு நான் வீட்ட போய் அப்பா வரேல்லையாம் எண்டு சொல்ல, இவர்தான் சொன்னவர், வயசுபோன ஆக்கள் முதல்தரம் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம், தங்கட ஆக்களும் அப்பிடித்தான், திருப்பிக் கேள் எண்டு. நான் திருப்பிக் கேட்டனான் மாமா." அவளுடைய குரல் உயரவில்லை. "உங்களிட்டத்தான் கேட்டனான்."

எங்கள் முகத்தைப் பார்த்துக் கணவர் யப்பான் மொழியில் ஏதோ கேட்டார். என்ன சொன்னார் இவர் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் பதில் சொன்னாள். மிகச் சின்ன வசனம். நான் சொன்னது அவ்வளவும் அதற்குள் அடங்கியிருக்க வழியில்லை. அவர் உடனே இரண்டு கைகளையும் தொடையோடு சேர்த்து, இடுப்புவரை குனிந்து, தன் மாமனாரின் நண்பருக்குச் செய்யவேண்டிய மரியாதையோடு என்னை வணங்கினார்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நானும் குனிந்தேன்.